கோட்டுப் போட்ட கொள்ளுத்தாத்தா: போட்டோவை நம்புறதா, பத்திரத்தை நம்புறதா?

அம்மாபேட்டைப் பேத்தி | ஞாயிறு காலை 10.12

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது ஒரு மஞ்சள் துணி மூட்டை கிடைத்தது. உள்ளே ஒரு போட்டோ, இரண்டு பத்திரம், ஒரு மொய் நோட்டு, கரையான் பாதி தின்ற ஜாதகக் கட்டு.

போட்டோவில் ஒருவர் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கிறார். பின்னால் தூண், படிக்கட்டு, மலை, எல்லாம் திரையில் வரைந்தது. இடது கையை நீட்டி எதையோ பிடித்திருக்கிறார், ஆனால் மணிக்கட்டோடு போட்டோ முடிந்துவிடுகிறது. "உன் கொள்ளுத்தாத்தா. ஏற்காட்டுல துரை எஸ்டேட்ல ரைட்டரா இருந்தாரு. இவரைக் கேக்காம துரை கையெழுத்தே போட மாட்டாராம்." இதைக் கேட்டே வளர்ந்தவள் நான். எங்களுடையது நெசவுக் குடும்பம், தாத்தா வரைக்கும் வெண்பட்டுத் தறிதான். நடுவில் இவர் மட்டும் எப்படி மலையேறினார் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அவரைப் பற்றித் தேட ஆசை. எங்கே தொடங்குவது? எஸ்டேட்டில் போய்க் கேட்டால் பழைய பதிவேடு காட்டுவார்களா?

மலைமேல் | ஞாயிறு காலை 11.40

ஏற்காட்டிலிருந்து எழுதுறேன். எஸ்டேட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எந்த எஸ்டேட்னு தெரியணும். இங்க காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல. அதுக்கப்புறம் ஒவ்வொரு தோட்டமும் எத்தனையோ கை மாறியாச்சு. 'துரை எஸ்டேட்'னா எந்தத் துரை? வெள்ளைக்காரன் போன பிறகு வந்த முதலாளியையும் எங்க ஆளுங்க துரைன்னுதான் கூப்பிட்டாங்க.

ரைட்டருக்கு முக்கியமான வேலை செக்ரோல் எழுதுறது. ஆள் பேர், எந்தக் கங்காணி கும்பல், இன்னிக்கு முழு நாளா அரை நாளா, முன்பணம் எவ்வளவுன்னு நோட்டுல ஏத்தணும். அதை வச்சுத்தான் சம்பளம். அந்த நோட்டு இருந்தா பொக்கிஷம். ஆனா தோட்டம் கை மாறினப்ப முக்கால்வாசி பழைய பேப்பர் கடைக்குப் போயிடுச்சு. எங்க தாத்தா வேலை பார்த்த தோட்டத்து நோட்டுல ரெண்டு தாளை, மிளகு காயப் போட விரிச்சிருந்த இடத்துல பார்த்தேன். ஒரே ஓட்டமா ஓடி எடுத்தேன்.

டார்க்ரூம் | ஞாயிறு மதியம் 1.05

சேலத்தில் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, அந்தப் போட்டோவைத் துடைக்காதீங்க. ஈரத்துணி, பவுடர், முட்டை வெள்ளைக்கரு என்று எந்த வைத்தியமும் வேண்டாம். ஓரத்தில் வெள்ளி மாதிரி மின்னினால் அது அழுக்கு இல்லை, படத்தில் உள்ள வெள்ளியே மேலே பூத்து வந்திருக்கிறது. தேய்த்தால் முகமும் சேர்ந்து போய்விடும். பிரேமில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்காமல் கண்ணாடிக்கு மேலேயே படம் எடுங்க.

அடுத்து கோட்டு. கை எவ்வளவு நீளம்? விரல் முட்டி வரை இறங்கியிருந்தால் அது ஸ்டுடியோ கோட்டு. அந்தக் காலத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் ஆணியில் ஒரு கோட்டு, ஒரு தலைப்பாகை, சாவி கொடுக்காத ஒரு பாக்கெட் கடிகாரம் தொங்கும். படம் எடுக்க வருகிறவர் மாட்டிக்கொள்வார். கோட்டை வைத்து உத்தியோகத்தைச் சொன்னால் சேலத்தில் பாதிப்பேர் தாசில்தார்தான்.

படம் ஒட்டியிருக்கும் அட்டையின் நான்கு ஓரத்தையும் பார்த்துச் சொல்லுங்க. பின்பக்கத்தையும் பாருங்க. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அழுத்திப் பதித்த எழுத்து நிழல் விழுந்து தெரியும்.

அம்மாபேட்டைப் பேத்தி | ஞாயிறு மாலை 6.30

அண்ணா, கோட்டுக் கை முட்டியையும் தாண்டித்தான் இருக்கிறது! எங்கள் குடும்பத்தின் ஒரே கோட்டும் போச்சு.

அட்டையில் மூன்று ஓரத்தில் தங்கக் கோடு இருக்கிறது. அவர் கை நீட்டியிருக்கும் பக்கத்தில் மட்டும் இல்லை. அந்த ஓரம் கொஞ்சம் கோணலாகவும் இருக்கிறது. பின்னால் ஒன்றும் எழுதவில்லை. டார்ச் அடித்ததில் கீழே 'சேலம்' என்று முடியும் ஆங்கில எழுத்து மட்டும் தெரிகிறது.

டார்க்ரூம் | ஞாயிறு மாலை 6.52

அப்படியானால் கத்தரி போட்டிருக்கிறார்கள். அந்தக் கை நாற்காலி முதுகைப் பிடித்த கை. நாற்காலி போட்டால் அதில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் நிறுத்துகிற முறை ஒன்றுதான், மூத்தவர் உட்காருவார், இளையவர் நிற்பார். புருஷன் பெண்சாதி என்றால் பெரும்பாலும் புருஷன் உட்காருவார். எப்படிப் பார்த்தாலும் உங்கள் ஆள் அந்தப் படத்தில் ரெண்டாம் ஆள்.

குதர்க்கம் | ஞாயிறு இரவு 9.15

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். இந்த 'வேர் தேடல்' எல்லாம் கடைசியில் எங்கே போய் நிற்கிறது? எங்கள் பாட்டன் பாளையக்காரர், எங்கள் பூட்டன் ராஜாவுக்கே கடன் கொடுத்தவர். கூலி வேலை செய்த பாட்டன் எவருக்குமே கிடைப்பதில்லை, கவனித்தீர்களா?

பழைய பத்திரம் | ஞாயிறு இரவு 10.02

குதர்க்கம் தம்பி, கிடைப்பார்கள். பத்திரத்தைப் படித்தால் கிடைப்பார்கள். பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

அம்மணி, இரண்டு பத்திரத்தின் முதல் நாலு வரியைப் பெயரை விட்டுவிட்டு இங்கே போடுங்க. பழைய பத்திரத்தில் ஆளைச் சொல்லும்போது இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், இன்ன ஜாதி, இன்ன மதம், இன்ன ஜீவனம் என்று எழுதுவார்கள். பயிர் ஜீவனம், வியாபார ஜீவனம், கூலி ஜீவனம். பெண்ணாக இருந்தால் இன்னார் பாரி. பாரி என்றால் பெண்சாதி, பெயர் என்று நினைத்துவிடாதீங்க. குடும்பத்தில் சொல்கிற கதையில் உத்தியோகம் ஏறிக்கொண்டே போகும். பத்திரத்தில் அன்றைக்கு இருந்ததுதான் இருக்கும், ஏனென்றால் எதிர்ப்பார்ட்டியும் சாட்சியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

முன்பக்கத்தோடு நிறுத்தாமல் பின்பக்கமும் பாருங்க. ஸ்டாம்பு வெண்டர் எழுதிய தேதி, விற்ற ஆளின் இடது பெருவிரல் ரேகை, அடையாளம் காட்டினவர்கள் பெயர் எல்லாம் அங்கேதான்.

அம்மாபேட்டைப் பேத்தி | திங்கள் இரவு 8.20

ஐயா, வேலை முடிந்து வந்து ரொட்டி போடும் கட்டையில் பத்திரத்தை விரித்துப் படித்தேன். எழுத்து முழுக்கச் சேர்ந்து சேர்ந்து ஓடுகிறது, புள்ளியே இல்லை. இரண்டு மணி நேரத்தில் ஒரு பக்கம் படித்தேன். கை நடுங்கிவிட்டது, காரணம் கடைசியில் சொல்கிறேன்.

முதல் பத்திரம் வீடு வாங்கியது. பிரஜோத்பத்தி வருஷம் ஆனி மாதம், ஆங்கிலத்தில் 1931. இரண்டாவது அதே வீட்டை விற்றது. வெகுதான்ய வருஷம் தை மாதம் என்று இருக்கிறது, ஆங்கிலத் தேதி இருந்த இடம் மடிப்பில் கிழிந்துவிட்டது. இணையத்தில் பார்த்தால் வெகுதான்ய 1938 என்று வருகிறது. ஆனால் ரப்பர் ஸ்டாம்பில் மங்கலாக 39. ஏதாவது போலியா?

இப்போது காரணம். 1931 பத்திரத்தில் கொள்ளுத்தாத்தா பெயருக்குப் பின்னால் "கள்ளுக்கடை குத்தகை ஜீவனம்". இரண்டாவதில் "நெசவு ஜீவனம்". ரைட்டர் என்று எங்குமே இல்லை.

பழைய பத்திரம் | திங்கள் இரவு 9.05

போலி எல்லாம் இல்லை அம்மணி. வெகுதான்ய சித்திரையில் பிறந்தது 1938 ஏப்ரலில். தை வரும்போது ஆங்கில வருஷம் மாறிவிடும். ஆகவே 1939 ஜனவரி அல்லது பிப்ரவரி, ரப்பர் ஸ்டாம்பு சரி. மார்கழி நடுவிலிருந்து பங்குனி முடிய எந்தத் தேதி வந்தாலும் ஒன்று கூட்டிக்கொள்ளணும். இன்னொன்று, இந்தப் பெயர்கள் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அது 1876-ல் பிறந்த தாது. 1936-லும் ஒரு தாது உண்டு. பாட்டி "தாது வருஷத்துல பொறந்தேன்" என்றால் எந்தத் தாது என்று கேட்டுக்கொள்ளுங்க.

கிஸ்தி (நிலவரி) ரசீது ஏதாவது கிடைத்தால் அதில் பசலி, அதாவது ஜூலையில் தொடங்கும் வரிக் கணக்கு வருஷம், இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஜூலையின் ஆங்கில வருஷம். பசலி 1347 என்றால் 1937 ஜூலை முதல் 1938 ஜூன் வரை.

உங்கள் இரண்டு பத்திரத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று சேலத்துக்காரருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. 1937 அக்டோபர் 1. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக (இப்போதைய முதலமைச்சர் பதவி மாதிரி) வந்ததும் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் ஜில்லாவில்தான். அடுத்த வருஷம் சித்தூர், கடப்பை, அதற்கடுத்த வருஷம் வட ஆர்க்காடு. கள்ளுக்கடையை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள், பணம் கட்டி எடுத்தவர் குத்தகைதாரர். மரம் ஏறினவர் வேறு, கடை எடுத்தவர் வேறு. குத்தகைதாரர் எந்த ஜாதியிலும் இருந்தார். ஒரே நாளில் அத்தனை கடையும் அடைப்பு. கட்டிய முன்பணம், கொடுத்த கடன் எல்லாம் என்ன ஆகியிருக்கும்? 1939 தையில் வீடு கைமாறுகிறது.

மேட்டூர்க்காரன் | திங்கள் இரவு 9.48

இதுதான் அண்ணே விஷயம். தேதியைப் பக்கத்துல வச்சாத்தான் பத்திரம் பேசும். எங்க ஊரே மேட்டூர் அணைத் தண்ணிக்குள்ள. 1934-ல அணை முடிஞ்சுது. பண்ணவாடிப் பக்கம் தண்ணி வத்தினா முழுகிப்போன கோயில் நந்தி தலை தெரியும், அதைக் காட்டித்தான் எங்க அப்பாரு "அங்கிருந்து இத்தனை எட்டு நம்ம வீடு"ன்னு சொல்வாரு. நான் பத்திரத்துல ஊர் பேரைத் தேடித் தேடி, அப்படி ஒரு ஊரே இல்லைன்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

அம்மாபேட்டைப் பேத்தி | திங்கள் இரவு 10.30

அக்டோபர் 1. எனக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி. அதற்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

பெரிய பாட்டியிடம் (தாத்தாவின் அக்கா, வயது 90-க்கு மேல்) போனில் கேட்டேன். "கள்ளுக்கடை" என்று சொன்னதும் லைனில் சத்தமே இல்லை. அப்புறம் "அதையெல்லாம் எதுக்குடி தோண்டற, சம்பந்தம் பேசற வயசுல பொண்ணுங்க இருக்காங்க" என்று வைத்துவிட்டார்.

குதர்க்கம் | திங்கள் இரவு 11.10

என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் பாளையக்காரரைத் தேடவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். குத்தகைக் கணக்கு பார்த்தவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும் அல்லவா? கடை மூடிய பிறகு ஏற்காட்டில் ரைட்டர் வேலைக்குப் போயிருக்கலாமே. கதை பொய் என்று எதற்கு முடிவு கட்டணும்?

பழைய பத்திரம் | செவ்வாய் காலை 7.15

நல்ல கேள்வி. அம்மணி, 1939 பத்திரத்தின் அடியில் அவர் கையெழுத்து எப்படி இருக்கிறது?

அம்மாபேட்டைப் பேத்தி | செவ்வாய் இரவு 8.45

பெயரை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கீறல், ஒரு பெருவிரல் ரேகை. மேலே ஒரு வார்த்தை, முதலில் 'தர்க்கரி' என்று படித்துக் குழம்பினேன். இப்போதுதான் புரிகிறது: 'தற்குறி'.

எழுதத் தெரியாதவர். அப்படியானால் ரைட்டர் யார்?

பழைய பத்திரம் | செவ்வாய் இரவு 9.00

சாட்சிகளைப் படிங்க.

அம்மாபேட்டைப் பேத்தி | செவ்வாய் இரவு 9.34

மூன்று சாட்சி. இரண்டு பேர் தமிழில், அம்மாபேட்டை விலாசம். மூன்றாமவர் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இனிஷியல் கொள்ளுத்தாத்தாவின் இனிஷியலேதான். கீழே சின்னதாக "ரைட்டர், ஏற்காடு".

தம்பி!

டார்க்ரூம் | செவ்வாய் இரவு 9.41

நிற்கிறவர் இளையவர் என்று சொன்னேனா இல்லையா.

மலைமேல் | செவ்வாய் இரவு 10.20

அக்கா, இப்ப சரியா வருது. இங்க ரைட்டர் வேலைக்கு நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிஞ்சாகணும். சேலத்துல லண்டன் மிஷன் 1827-லேயே வந்துட்டாங்க, படிப்பு சொல்லிக்கொடுத்தாங்க. அண்ணன் தறியோ கடையோ பார்த்துச் சம்பாதிச்சு, தம்பியைப் படிக்க வச்சிருப்பார்னு நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், ஆதாரம் கேக்காதீங்க.

கொழும்பு ரிட்டர்ன் | புதன் காலை 6.50

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மலை, கங்காணி என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் பாட்டன் சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தேயிலைக்குப் போனவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு நாங்கள் மண்டபம் முகாம் வழியாகத் திரும்பி வந்தோம். கையில் இருந்த காகிதத்தில் பூர்வீகம் 'சேலம் ஜில்லா' என்று மட்டும். நான் இரண்டு வருஷம் இன்றைய சேலம் மாவட்டத்துக் கிராமங்களைச் சல்லடை போட்டுத் தேடினேன். தருமபுரி 1965-ல் பிரிந்தது, நாமக்கல் 1997-ல். கிருஷ்ணகிரி 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. இத்தனையும் பழைய சேலம்தான் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஊர் நாமக்கல் பக்கம் இருந்தது. பாட்டன் எப்போதும் சொன்ன குலசாமி பெயரைத்தான் கோயில் கோயிலாகக் கேட்டுக்கொண்டு போனேன். பதிவேடு தராததை முடி இறக்கும் கோயில் தந்தது.

மொரீஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நெட்டால் போனவர்களின் வாரிசுகள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். மொரீஷியஸில் ஆளின் போட்டோவே எடுத்து வைத்திருக்கிறான். இலங்கைக்குப் போனவனுக்கு ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான்.

அம்மாபேட்டைப் பேத்தி | புதன் இரவு 9.10

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் மொய் நோட்டைத் திறந்தேன். அதுவரை அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

தாத்தா கல்யாணத்து நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, 1952. ரூபாய், அணா. ஊர்வாரியாக எழுதியிருக்கிறார்கள், வீராணம், வலசையூர், குகை, செவ்வாய்ப்பேட்டை. எட்டணா, ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் என்று போகிறது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் தனியாக ஒரு வரி: "ஏற்காடு சித்தப்பா, நாகலூர், ரூ. 25". அதன்மேல் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் வேறு மையில் "திருப்பிக் கொடுத்தாச்சு".

பழைய பத்திரம் | புதன் இரவு 9.30

மொய்யைத் திருப்பிக் கொடுப்பதா? அதற்குப் பேர் உறவை முறித்துக்கொள்வது.

அம்மணி, பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதாவது பதிவாகியிருக்கும். 1939 பத்திரத்தில் ஒன்றாம் புத்தகம், வால்யூம், பக்கம், நெம்பர் இருக்கும். அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் கொள்ளுத்தாத்தா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் வில்லங்கம் போட்டுப் பாருங்க. இணையத்தில் அவ்வளவு பழசு வராது, நேரில் மனுக் கொடுத்துத்தான் தேடணும். "அந்தக் காலத்து வால்யூம் இல்லை" என்று முதலில் சொல்வார்கள். என்னிடம் வந்தவர்களிடம் நானும் சோம்பலில் சொல்லியிருக்கிறேன், இப்போது வெட்கமாக இருக்கிறது. நெம்பரோடு போய்க் கேட்டால் எடுப்பார்கள்.

அம்மாபேட்டைப் பேத்தி | 18 நாள் கழித்து, ஞாயிறு மாலை 5.05

இழையைப் பாதியில் விட்டதற்கு மன்னிக்கணும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன், முதல் முறை ஐயா சொன்ன அதே பதில். மூன்றாம் முறை ஒரு இளைஞர் தூசி தட்டி வால்யூமை எடுத்துவந்தார். பாகப்பிரிவினைப் பத்திரம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் நாகலூர் கிடைத்தது. மலைமேல் அண்ணன் இரண்டு நாள் விசாரித்துச் சொன்னார், சித்தப்பா வழிக் குடும்பம் மலையிறங்கிக் கொண்டலாம்பட்டிப் பக்கம் வந்து நாற்பது வருஷமாகிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது, பெரிய பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

நேரில் போகத் தைரியம் வரவில்லை, நம்பர் வாங்கிப் பேசினேன். பெரியவர் ஒருவர் எடுத்தார். முறைக்கு எனக்குப் பெரியப்பா. "அம்மாபேட்டையா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க பூஜை ரூம்ல பெரியதாத்தா படம் ஒண்ணு மாட்டியிருக்கோம்மா. எங்க தாத்தா சாகற வரைக்கும் தினம் அதுக்குத்தான் பூ வைப்பாரு. என்னைப் படிக்க வச்ச சாமின்னு சொல்வாரு" என்றார். ஏன் மொய் திரும்பியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

படத்தைக் கழற்ற வேண்டாம், அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். சற்று முன்தான் வந்தது. பேரன் எடுத்திருக்கிறான் போல, கண்ணாடியில் பிளாஷ் பட்டு முகம் இருக்கும் இடம் முழுக்க வெள்ளை வட்டம். நாற்காலியில் வேட்டி, துண்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பது வரை தெரிகிறது. கோட்டு இல்லை.

ஓரத்தில், நாற்காலி முதுகின் மேல் நாலு விரல் இருக்கிறது.

டார்க்ரூம் | ஞாயிறு மாலை 5.20

பிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்து எடுக்கச் சொல்லுங்க. வேண்டாம், நானே வருகிறேன். கொண்டலாம்பட்டிதானே.